சுக்கானுக்கு அஞ்சும் சூளைக்காரர்களுக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், சக்கரத்தை இன்னும் விடாத வேளார் பெரியவர்களுக்கும்,



சூளை பிரித்து அடுக்கும்போது ஓடு நன்றாகத்தான் இருக்கும். சுண்டினால் கணீரென்று கேட்கும். ஒரு மழை பெய்து நாலு நாள் கழித்துப் பார்த்தால் அதன் முகத்தில் காசளவு சில்லு தெறித்திருக்கும். குழிக்குள் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கும். அது சுக்கான் எனும் சுண்ணாம்புக் கட்டி செய்த வேலை என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கரிசலில் எங்கே வெட்டினாலும் சுக்கான்தான். கண்மாய் மண்ணை அள்ளும்போதே கையால் பொறுக்கி எறிகிறீர்கள், உலர்த்தி உடைத்துச் சலிக்கிறீர்கள், மிதிக்கும்போது காலில் நெருடினால் குனிந்து எடுக்கிறீர்கள். மண்ணில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஓடு கெட்டது என்பது நம் சூளைகளில் தாத்தன் பேரனுக்குச் சொல்லிவரும் பாடம்.

அந்தப் பாடத்தில் பாதிதான் உண்மை என்று சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். தூத்துக்குடியில் மீன் கம்பெனிகள் வெளியே தள்ளும் சிப்பி ஓட்டையும் கணவாய் ஓட்டையும் நண்டு ஓட்டையும் மாவாக அரைத்து, அளவாக நம் களிமண்ணில் சேர்த்து, போதிய சூட்டில் சுட்டால் ஓடு கெடாது, வலுக்கும். நீங்கள் பொறுக்கி எறியும் சுக்கானில் நிறைந்திருப்பதும் கடற்கரையில் கிடக்கும் சிப்பியும் வேதியியல் கணக்கில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். ஒரே பொருள் ஓரிடத்தில் ஓட்டைப் பிளக்கிறது, இன்னோரிடத்தில் இறுக்கிப் பிடிக்கிறது. ஏன் என்பதை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது விளங்காமல் யாரும் ஒரு கூடை சிப்பியைக்கூட வாங்க வேண்டாம்.

சுண்ணாம்புக்கல் சூளையில் ஏறத்தாழ 700 டிகிரியில் சிதையத் தொடங்கி 900 டிகிரிக்குள் தன்னிடமுள்ள கரியமில வாயுவை விட்டுவிடும். எடையில் நூற்றுக்கு 44 பங்கு காற்றாகப் போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அது ஈரத்தை இழுத்து நீறும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் கேட்கும். துண்டு பெரிதாக இருந்தால் அந்த வீக்கத்துக்கு ஓட்டுக்குள் இடமில்லை. மேல்தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொட்டு அதுதான்.

அதே சுண்ணாம்பு மாவாக இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு துகளையும் களிமண் சூழ்ந்திருக்கும். சூடு 900-ஐத் தாண்டி 1000, 1050 என்று ஏறும்போது சுண்ணாம்பு தனியாக நிற்க முடியாது. களிமண்ணில் உள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் கூடிப் புதிய படிகங்களாகிவிடும். கெலனைட், அனார்தைட், வொலாஸ்டனைட் என்று அவற்றுக்குப் பெயர். அப்படி ஒருமுறை கட்டுண்ட சுண்ணாம்பு பிறகு எத்தனை மழை பெய்தாலும் நீறாது, வீங்காது. நகரத்து வீடுகளில் குளியலறைச் சுவரில் ஒட்டும் டைல்ஸைப் பார்த்திருப்பீர்கள். அதன் மண்ணில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு வரை கால்சைட் பொடியை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். சூளையில் சுருக்கம் குறையும், பின்னாளில் ஈரம் பட்டு உப்பாது, மேலே பூசிய பளபளப்பில் கீறல் விடாது என்பதற்காக. நாம் பயந்து ஒதுக்கும் பொருளை அவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள்.

ஆகவே நிபந்தனை இரண்டு: நைஸ் வேண்டும், சூடு வேண்டும். நைஸ் என்றால் சல்லடைச் சலிப்பு அல்ல. சித்த வைத்தியர்கள் வஸ்திரகாயம் என்பார்களே, துணியில் சலித்த பொடி, அந்தப் பதம். வைத்தியர்கள் சங்கையும் முத்துச்சிப்பியையும் புடம்போட்டுப் பற்பமாக்குவது தலைமுறைகளாக நடந்துவரும் வேலை. கடல் ஓட்டைச் சுட்டு மாவாக்கும் அறிவு நம்மிடம் இல்லாதது அல்ல, சூளைப் பக்கம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கடல் நமக்குத் தூரம் என்று நினைக்கிறோம். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை நம் அருப்புக்கோட்டையையும் பந்தல்குடியையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. கடல் நூறு கிலோமீட்டருக்குள். நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வில் சுடுமண் பொருள்களோடு சங்கு வளையல்களும் கிடைத்தன. வைப்பாற்றங்கரையில் இருந்த ஒரு பழைய ஊர் கடற்கரைச் சங்கை வரவழைத்து அறுத்து வளையலாக்கியிருக்கிறது. மண்ணைச் சுட்டவர்களும் சங்கை அறுத்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். அன்றைக்கு மாட்டு வண்டியில் வந்தது இன்றைக்கு லாரியில் வர முடியாதா? துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் லாரிகள் இந்தச் சாலையில் எத்தனை போகின்றன என்று நீங்களே பார்க்கிறீர்கள்.

எந்தக் கடல் ஓடு நமக்கு ஆகும்? எல்லாம் ஆகாது. சங்கை விட்டுவிடுவோம், அதற்கு வங்காளத்தில் வளையல் சந்தை இருக்கிறது, கீழக்கரைக்காரர்களுக்கு அந்த வணிகம் பழக்கம். மட்டி, சிப்பி வகைகளின் ஓடு நல்லது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கும் அதற்கு மேலும் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் அரைக்கக் கடினம்; முதலில் லேசாகச் சுட்டால்தான் நொறுங்கும். என் மனம் போவது கணவாய் ஓட்டின் பக்கம். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது அதுதான். கணவாய் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் சதையை எடுத்துக்கொண்டு உள்ளிருக்கும் அந்த வெள்ளை ஓட்டைக் கழிக்கின்றன. கையால் தேய்த்தாலே மாவாக உதிரும். உள்ளே அடுக்கடுக்காக மெல்லிய சுவர்கள், நடுவில் காற்று. கடலில் மிதந்து நிற்பதற்காக அந்தப் பிராணி கட்டிக்கொண்ட கூடு. பெரிய மில் இல்லாத நம்மைப் போன்றவர்கள் தொடங்க ஏற்றது அதுவே. நண்டுச் சதை எடுக்கும் கொட்டகைகள் மண்டபம் பக்கமும் தூத்துக்குடியிலும் இருக்கின்றன. அந்த ஓட்டில் சுண்ணாம்பு பாதியளவுதான், மீதி புரதமும் கைட்டினும். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

இறால் ஓட்டைப் பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது, அதனால் தனியாகச் சொல்ல வேண்டும். உலகத்தில் ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் இறால், நண்டு ஓடு கழிவாகிறது என்று 2015-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த ஓட்டில் உள்ள கைட்டினைக் காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதற்கான முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துக் கொடுத்தது. வினிகர் போன்ற லேசான அமிலத்தில் கரைத்துக் களிமண்ணில் ஊற்றினால் கைட்டோசான் களிமண் தகடுகளைப் பற்றிக்கொள்ளும். பச்சை ஓட்டுக்கு வலு ஏறும். பெரு நாட்டு ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கைட்டோசான் சேர்த்த சுடாத மண் தண்ணீரில் எளிதில் கரையாமல் நின்றது. பச்சை ஓடு அச்சிலிருந்து எடுக்கும்போது ஒடிகிறதே, ஆடிக் காற்றில் விளிம்பு வெடிக்கிறதே, அதற்கு இது மருந்துதான். ஆனால் சூளைக்குள் போனதும் கைட்டோசான் எரிந்துவிடும். சுட்ட ஓட்டுக்கு அது வலு தராது, அளவு மீறினால் நுண்துளைகளை விட்டுச் செல்லும். விலையும் அதிகம். கைட்டோசான் விற்க வருகிறவர் சுட்ட ஓடு இரும்பாகும் என்று சொன்னால் நம்பாதீர்கள். நமக்கு இப்போது வேண்டியது ஓட்டின் சுண்ணாம்பு. கைட்டின் வேலை அப்புறம்.

உங்களில் விவரமானவர் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கிடுவார்: “பந்தல்குடியில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லே தோண்டுகிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கல் இருக்கும்போது தூத்துக்குடிக்கு எதுக்கு அண்ணாச்சி போகணும்?” நியாயமான கேள்வி. வேதியியலை மட்டும் கேட்டால் வித்தியாசம் பெரிதில்லை. பந்தல்குடிக் கல்லை அரைத்தாலும் ஆகும். உங்கள் வயலில் பொறுக்கிய சுக்கானையே வஸ்திரகாயம் செய்தாலும் ஓரளவு ஆகும், அதில் மண்ணும் மணலும் கலந்திருக்கும் என்பதால் ஒவ்வொரு கூடைக்கும் கணக்கு மாறும். நான் சிப்பியைச் சொல்வதற்குக் காரணம் வேறு. கல்லுக்குக் குத்தகை வேண்டும், வெடி வேண்டும், தோண்டிய குழி நம் ஊரிலேயே நிற்கும். சிப்பிக்கும் கணவாய் ஓட்டுக்கும் குழி இல்லை. அவை ஏற்கனவே வெளியே கிடந்து நாறுகின்றன. அதைக் கழுவி உலர்த்தும் கூலி கடற்கரைப் பெண்களுக்குப் போகும், அரைக்கும் கூலி நம் பெண்களுக்கு வரும். மலையையும் வயலையும் தோண்டாமல் கிடைக்கும் சுண்ணாம்பு என்பது இந்த வறண்ட சீமைக்குச் சிறிய விஷயமில்லை.

இன்னொரு தேசத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரைப் பழங்குடிக் குயவர்கள் ஆற்றுச் சிப்பியைச் சுட்டு நொறுக்கிக் களிமண்ணில் பிசைந்தார்கள். கஹோக்கியா என்ற பெரிய ஊரின் அடுப்புகளில் இருந்த பானைகள் அப்படிச் செய்தவை. சிப்பித் துண்டுகள் தட்டையாக இருப்பதால் ஒரு விரிசல் ஓடிவரும்போது குறுக்கே நின்று தடுக்கும். அதனால் சுவர் மெலிதாக வைத்துப் பெரிய பானை வனைய முடிந்தது. அவர்களிடம் 1000 டிகிரிச் சூளை கிடையாது. சுண்ணாம்பு சுடும் சூட்டுக்குக் கீழேயே நிறுத்திக்கொண்டு சமாளித்தார்கள். இதில் நமக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது: சூடு 700-க்குக் கீழே இருந்தால் சிப்பி சிப்பியாகவே இருக்கும், பிழையில்லை, 1000-க்கு மேலே போனால் மண்ணோடு கட்டுண்டுவிடும், பிழையில்லை. இடைப்பட்ட சூடுதான் ஆபத்து. அங்கே சுண்ணாம்பு விடுபடுகிறது, ஆனால் கட்டுப்படுவதில்லை.

நம் ஊர்ச் சூளைகள் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட சூட்டில்தான் எரிகின்றன. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, சொல்லாமல் விட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம். சீமைக்கருவேல விறகில் குறையில்லை; நல்ல சூடு தரும் விறகு அது. குறை சூளையின் அமைப்பில். திறந்த சூளையில் தீ நேரே மேலே ஏறி வெளியே போய்விடுகிறது. அடியில் உள்ள ஓடு கருகும், மேலடுக்கு வேகாது. நெருப்பு மேலேறி, மூடிய வளைவில் திரும்பி, கீழ்வழியாகப் புகைபோக்கிக்குப் போகும்படி கட்டிய சூளையில்தான் 1000, 1050 டிகிரி எல்லா அடுக்குக்கும் கிட்டும். அப்படி ஒன்று கட்ட ஒரு குடும்பத்தால் ஆகாது. நாலைந்து குடும்பம் சேர்ந்தால் ஆகும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலுக்கென்றே அரசு கல்வி நிலையம் இருக்கிறது. சூளை வரைபடம் கேட்க அங்கே போகலாம். விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் மனுக் கொடுப்பதற்கு முன் வரைபடம் கையில் இருக்க வேண்டும்; வரைபடமில்லாத மனு மேசையில் தூங்கும். சூட்டைக் கண்ணால் மதிப்பிடுவதில் உங்களுக்குப் பழக்கம் உண்டு, என்றாலும் இந்த வேலைக்கு சூட்டை அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் கட்டாயம் வேண்டும். 900-க்கும் 1000-க்கும் நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் ஏற்படும் மாற்றத்தைப் புகையில் கண் தப்பவிடும். நம் ஓட்டின் தலையெழுத்து அந்த நூறு டிகிரியில்தான்.

முதல் சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஒரே கண்மாய் மண், ஒரே கை, ஒரே அச்சு. ஒரு தொகுதியில் எதுவும் சேர்க்காதீர்கள். இன்னொன்றில் உலர்ந்த மண் எடைக்கு நூற்றுக்கு 5 பங்கு கடல் ஓட்டுப் பொடி, மற்றொன்றில் 10 பங்கு. அதற்கு மேல் போக வேண்டாம். கூடக் கூட வாயு வெளியேறிய துளைகள் பெருகும், சேர்த்த வலு போய்விடும். பொடி சேர்ந்த மண்ணில் உலர்த்தும்போதே சுருக்கம் குறைவதைப் பார்ப்பீர்கள். கரிசல் கலந்த மண்ணில் வெடிப்பால் அவதிப்படுகிறவர்களுக்கு அந்த ஒரு லாபமே போதும் என்றுகூடத் தோன்றும். பச்சை ஓட்டின் முதுகில் குறி கீறிவிடுங்கள், சூளையில் மூன்று வகையையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்குங்கள். 650 முதல் 900 டிகிரி வரை தீயை மெல்ல ஏற்ற வேண்டும், வாயு வெளியேற அவகாசம் வேண்டும். அதன்பின் 1000-க்கு மேல் கொண்டுபோய்ச் சிறிது நேரம் நிறுத்திப் பிடியுங்கள்.

சுட்டபின் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓட்டின் இரு முனைகளையும் இரண்டு கட்டையில் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, ஒடியும்வரை மணல் போடுங்கள். மணலை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த ஓட்டை நிறுத்து, ஒரு நாள் முழுக்க நீரில் போட்டு மறுபடி நிறுத்தால் எவ்வளவு நீர் குடித்தது என்று தெரியும். வெடிப்புச் சோதனைதான் முக்கியம்: இட்லிக் கொப்பரையில் வைத்து ஓரிரு மணி நேரம் ஆவி காட்டுங்கள், மீதியை ஈரச் சாக்கில் சுற்றி ஒரு மாதம் வையுங்கள். வெள்ளைப் பொட்டு ஒன்று கிளம்பினாலும் பொடி நைஸ் போதவில்லை, அல்லது சூடு போதவில்லை. அந்த ஓட்டை விற்காதீர்கள். நாலு பேர் வீட்டு மொட்டை மாடியில் பொரிந்தால் ‘சிப்பி ஓடு’ என்ற பேரே கெட்டு, பிறகு நல்ல ஓட்டையும் வாங்க ஆளிருக்காது.

நிறம் மாறும் என்பதையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்பு கூடினால் மண்ணிலுள்ள இரும்பு தன் செம்மையை இழக்கும். ஓடு சிவப்பிலிருந்து வெளிர் மஞ்சள் பக்கம் போகும். செக்கச் சிவந்த ஓடு கேட்கும் வாடிக்கையாளருக்கு 5 பங்கோடு நிறுத்துங்கள். மொட்டை மாடித் தட்டோட்டுக்கு வெளிர் நிறம் குறையே அல்ல. நம் ஊர் வெயிலுக்கு அது நல்லது. குஜராத் மோர்பியிலிருந்து வரும் பளபளப்பு டைல்ஸோடு நாம் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். கான்கிரீட் தளத்துக்கு மேல் பதிக்கும் தட்டோடு, திண்ணைக்கும் முற்றத்துக்கும் போடும் தரை ஓடு, இவை நம் கைக்கு அடங்கும் சரக்கு. தட்டோட்டுக்கு ஐ.எஸ். 2690 என்ற இந்தியத் தரக் குறிப்பு இருக்கிறது. கட்டட ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது அந்த எண்ணும், உங்கள் வாளிச் சோதனைக் கணக்கும் கையில் இருந்தால் பேரம் உங்கள் பக்கம் வரும்.

உப்பு. கடல் ஓடு உப்போடு வரும். கொஞ்சம் உப்பு சுண்ணாம்பு வெடிப்பைத் தணிக்கும் என்பது செங்கல் தொழிலில் தெரிந்த செய்திதான். ஆனால் மிஞ்சினால் ஓட்டின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும், பக்கத்துச் சுவரையும் அரிக்கும். கழுவ வேண்டும். குண்டாற்றில் மணலைப் பார்க்கும் நாள்தான் அதிகம், நமக்குக் கழுவத் தண்ணீர் ஏது? எனவே கழுவுவதும் உலர்த்துவதும் கடற்கரையிலேயே முடிய வேண்டும். இங்கே வருவது உலர்ந்த ஓடாகவோ பொடியாகவோதான் இருக்க வேண்டும். ஈர ஓட்டை லாரியில் ஏற்றினால் நம் வெயிலில் ஒரே நாளில் ஊரே மூக்கைப் பிடிக்கும், பஞ்சாயத்து வந்து நிறுத்திவிடும், அத்தோடு முயற்சி முடிந்தது. அரைக்கிற இடத்தில் மூக்கு வாய் மூடிக்கொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்புத் தூசி கண்ணிலும் தோலிலும் புண்ணாக்கும். மாவு மில்லில் இதை அரைக்கக் கூடாது. தனி அரவை வேண்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியிருந்த அரண் அப்படித்தான் கரைந்தது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. நமக்கு வேண்டியது கழிவு, உயிருள்ள சிப்பிப் படுகை அல்ல. கம்பெனி வாசலில் எடை போட்டு, ரசீதோடு வாங்கிய ஓட்டைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். மலிவாகக் கரையில் அள்ளித் தருகிறேன் என்று வருபவரிடம் வாங்கினால் நாளைக்கு அவர் பாறையை உடைத்துக்கொண்டு வந்து நிற்பார்; கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இருக்காது.

மண்ணுக்கு இப்போது முன்னைப்போல் அலைச்சல் இல்லை. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய்களில் வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். திருச்சுழி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, மூன்று வட்டத்திலும் கேட்டு, ஊருக்கு ஒரு மண் மாதிரி எடுத்து வையுங்கள். எந்தக் கண்மாய், மேட்டு மண்ணா மடைப்பக்கத்து மண்ணா என்று பையின் மேல் எழுதுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மாணவர்களிடம் எந்தெந்தக் கம்பெனியில் எந்த மாதம் எந்த ஓடு கழிகிறது என்ற பட்டியலைக் கேட்கலாம். அவர்கள் படிப்புக்கே அது உதவும். அருப்புக்கோட்டைக் கல்லூரிகளில் வேதியியல் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் பொடியின் தூய்மையைப் பார்க்கக் கொடுங்கள். எழுதுவதையும் கணக்குப் பார்ப்பதையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் விடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு போதுமான அளவுக்கு வரும்.

பொங்கல் பானை வேலை முடியும்வரை உங்களில் பலருக்குத் தலை நிமிர நேரமிராது. தை பிறந்து வேலை ஓய்ந்ததும் தொடங்கினால் பங்குனிக்குள் உலர்த்தவும் சுடவும் நல்ல வெயில் இருக்கும், சித்திரையில் ஈரச் சாக்குச் சோதனையையும் முடித்துவிடலாம். முடிந்ததும் எல்லா ஊர்க்காரர்களும் ஓரிடத்தில் கூடுங்கள். நானும் வருகிறேன். நல்ல ஓட்டை மட்டும் கொண்டுவராமல் ஒடிந்ததையும் பொரிந்ததையும் குறி அழியாமல் எடுத்து வாருங்கள். சூளையில் அது எந்த அடுக்கில் இருந்தது, அந்த நேரத்தில் தெர்மோகப்பிள் என்ன காட்டியது என்ற குறிப்பும் கூட இருக்கட்டும். அடுத்த சூளைக்கு எவ்வளவு பொடி, எவ்வளவு சூடு என்பதை அவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்